கிலோ எத்தனை கிலோ?

ஒருவருடைய எடையை, தொடாமல், தராசில் ஏற்றாமல், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அடி வாங்காமல் வீடு திரும்பக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் எடைமேடைதான்.

எடைமேடை என்பது அவருடைய பெயர் அல்ல. நிஜப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்ட நிமிஷமே மறந்துவிட்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் லாரிகளை ஏற்றி எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பார்களே, அந்த மேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர். காலி வண்டி, லோடு வண்டி, காலி வண்டி, லோடு வண்டி என்று பார்த்துப் பார்த்து அவர் கண்ணிலேயே ஒரு மேடை கட்டப்பட்டுவிட்டது.

மேனாம்பேட்டில் அவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷனுக்கு நாங்கள் குடிபோன அன்று டெம்போவிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. லுங்கியோடு வாசலில் நின்றவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தார்.

"எழுவத்தெட்டு" என்றார்.

"என்ன சார்?"

"செருப்போட. கயட்டிட்டா எழுவத்தேழர."

அப்படியே என் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் படாரென்று வீட்டுக்குள் போனாள். அதற்குப் பிறகு அவர் வாசலில் நிற்கும்போது வெளியே போக வேண்டியிருந்தால், கணக்குத் தப்பட்டும் என்று கையில் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். ஒரு நாள் அவராகவே ஆறுதல் சொன்னார்: "பை ரெண்டே கால் கிலோம்மா. அத கழிச்சிட்டுத்தான் பாக்குறேன், பயப்படாத."

நான் யாருக்கும் சொல்லாமல் கொரட்டூரில் ஒரு மருந்துக் கடை வாசலில் இருந்த மிஷினில் ஏறிப் பார்த்தேன். செருப்போடு எழுபத்தெட்டு. இறங்கி, செருப்பைக் கழற்றி, மறுபடி ஏறினேன். அதைச் சொல்ல விரும்பவில்லை.

லாரிக்காரர்கள் அவரிடம் பட்ட பாட்டை இன்னும் சொல்வார்கள். லோடு குறைவாகத் தெரியட்டும் என்று, காலி வண்டியின் எடையைக் கூட்டிக்காட்ட ஒரு டிரைவர் தன் மச்சானைச் சீட்டுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திப் படுக்க வைத்திருந்தாராம். எடைமேடை சீட்டை எழுதாமல் ஜன்னல் வழியாகக் கத்தினாராம்: "அறுவத்திரண்டு கிலோல ஒரு ஆள் உள்ள தூங்கினு கீறான். எயுப்பி டீ வாங்கிக் குடு, அப்பால எடை போடலாம்." ஆள் எழுந்து வந்தாராம். டீயும் குடித்தாராம்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு அவர் கண்ணுக்கு மிஞ்சியது ஒரு பூனை. செம்பட்டையும் வெள்ளையும் கலந்த கடுவன். குட்டியாக மேடைக்கு அடியில் கிடந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாராம். பெயர் கிலோ. தெருவில் யாராவது "கிலோ எத்தனை கிலோ?" என்று கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லுவார். "நாலு கிலோ இருநூறு. காலைல இன்னும் வெளிக்கிப் போவல."

கிலோவுக்குப் பன்னிரண்டு வயதான வருஷம் அவனுக்குத் திடீரென்று ஒரு பசி வந்தது. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத் தட்டை நக்குவான். தட்டு இருந்த தரையை நக்குவான். நாங்கள் ஜன்னலில் வைத்திருந்த வாழைப்பழத்தைத் தோலோடு கடித்திருந்தான். பூனை வாழைப்பழம் தின்னும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

தெருவே சந்தோஷப்பட்டது. "வயசான காலத்துல என்னமா சாப்புடுறான் பாரு!" என்று ஆளுக்கொரு பிடி போட்டார்கள். எடைமேடை மட்டும் சந்தோஷப்படவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இவன் எறங்கிக்கினே கீறான்" என்றார் என்னிடம்.

"நல்லாத்தானே சாப்பிடுறான்?"

"அதான் சார் மேட்டரே. லோடு ஏத்திக்கினே கீறோம், எடை ஏறலன்னா ரெண்டே காரணம். ஒண்ணு, மேடை பொய் சொல்லுது. இல்லாங்காட்டி வண்டில ஓட்டை. என் கண்ணு பொய் சொல்லாது."

அவர் மனைவி மல்லிகாக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரிடையர் ஆயி ரெண்டு வருஷம் ஆவுது. கண்ணு இன்னும் டூட்டில கீது!"

கண் மட்டும் போதாது, சாட்சி வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் லாரி மேடைக்குப் பூனை ஏறியதே தெரியாது. காய்கறிக் கடைக்காரர் தன் தராசில் பூனையை வைக்க விடமாட்டேன் என்றார், நியாயம்தான். கடைசியில் கிலோவை வயர் கூடையில் உட்கார வைத்து, மேலே துண்டைக் கட்டி, முனையில் இருந்த பழைய பேப்பர்க் கடைக்குப் போனார். துணைக்கு நான்.

பேப்பர்க் கடைக்காரர் கூடையைத் தன் தொங்கும் தராசில் மாட்டினார். முள் நின்ற இடத்தைப் பார்த்த எடைமேடை அவரையே நிதானமாகப் பார்த்தார்.

"அண்ணாத்தே, ஒன் தராசு கிலோவுக்கு நூத்தம்பது கிராம் முழுங்குது."

"இன்னா சார் பேசுற நீ? இருபது வருஷமா இதே தராசுதான்."

"அப்ப இருபது வருஷமா முழுங்குது."

கடையில் அப்போது பேப்பர் போட வந்திருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் முகம் அவர் வாங்கும் பழைய தகரம் மாதிரி ஆகிவிட்டது. எடைமேடை யாரையும் திட்டவில்லை. ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி, பத்து நிமிஷத்தில் தராசைச் சரி செய்து, பூனையை மறுபடி தொங்கவிட்டார். கூடையைக் கழித்து மூன்று கிலோ நூறு. அன்றிலிருந்து மேனாம்பேட்டில் சரியான எடை போட்ட ஒரே பழைய பேப்பர்க் கடை அதுதான். தெருவே அங்கே போய்ப் போட ஆரம்பித்ததில் கடைக்காரருக்கும் கோபம் ஆறிவிட்டது.

எங்களுக்குத்தான் ஆறவில்லை. நான்கு மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் போயிருக்கிறது. "மனுஷனா இருந்தா எழுவத்தெட்டுல இருவது போன மாரி" என்றார் என்னைப் பார்த்து.

ஆவடிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். நாங்கள் உள்ளே போனதும் பூனையைத் தன் மேஜைத் தராசில் வைக்கப் போனார்.

"மூணு கிலோ அறுவது" என்றார் எடைமேடை.

"இருங்க, நான் பார்த்துடுறேன்."

பார்த்தார். மூன்று கிலோ அறுபது கிராம். டாக்டர் தராசை ஒரு தடவை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தார். அதே மூன்று அறுபது. அதற்குப் பிறகு அந்தம்மா எடைமேடையைப் பார்த்த பார்வையே வேறு. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்: எத்தனை தடவை சாப்பிடுகிறான், எத்தனை தடவை வாந்தி எடுக்கிறான், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், ஓர் இடத்தில் உட்காராமல் எப்படிச் சுற்றுகிறான். பிறகு கிலோவின் கழுத்தை இரண்டு விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தம் எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. தைராய்டு.

"மேடம், பூனைக்குமா தைராய்டு?"

"வயசான பூனைக்கு வரும். இவனுக்கு அது ரொம்ப அதிகமா சுரக்குது. உடம்பு அடுப்பு மாதிரி எரிஞ்சுக்கிட்டே இருக்கு. எவ்வளவு போட்டாலும் எரிச்சிடும். சும்மா விட்டா இதயம் தாங்காது. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. நிறையப் பேர் ‘நல்லா சாப்பிடுதே’ன்னு விட்டுடுவாங்க."

வீட்டுக்கு வந்து மல்லிகாக்காவிடம் சொன்னோம். அவரும் தைராய்டு மாத்திரை போடுகிறவர்தான், அவருக்குக் குறைவு. "எனக்கு எறங்கிப் போச்சு, அதுக்கு ஏறிப் போச்சு. ஒரே ஊட்ல இன்னா கூத்து இது!" என்றார். இரண்டு மாத்திரையும் மாறிவிடக் கூடாது என்று அக்காவுடையதைச் சாமி அலமாரிக்கும் கிலோவுடையதைச் சமையலறைக்கும் அன்றைக்கே பிரித்து வைத்தார் எடைமேடை.

மாத்திரை போடுவது தனிப் போர். மீனுக்குள் வைத்தால் கிலோ மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துடைத்துப் பளபளவென்று தட்டின் நடுவில் வைப்பான். துண்டால் சுற்றிப் பிடித்தால் துண்டு கிழியும். எடைமேடையின் இரண்டு முன்னங்கைகளும் கோலப் புத்தகம் மாதிரி ஆயின. கடைசியில் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டுக்குள் செருகினால் முழுங்குகிறான் என்று கண்டுபிடித்தார்கள். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று.

பத்தாவது நாள் கிலோ சாப்பிடுவதை நிறுத்தினான்.

வாழைப்பழத்தைத் தோலோடு தின்றவன், மல்லிகாக்கா முள் எடுத்து வைத்த மத்தி மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஈரலைக் கண்டதும் ஓங்கரித்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டான். எடைமேடை அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அவரும் எழுந்து வரவில்லை.

"பூனை துன்னலன்னா இவரும் துன்னமாட்டாரா? யோவ், எயுந்து வாய்யா!" அக்கா சத்தம் போட்டார். ஆனால் அக்காவின் தட்டிலும் சோறு அப்படியே இருந்ததை நான் பார்த்தேன்.

அன்று மாலை ஆட்டோவில் ஆவடிக்குப் போகும்போது எடைமேடை கூடையைத் தன் மடியில் வைத்திருந்தார். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, "ரெண்டு எண்ணூத்தம்பது" என்றார். அந்த மனிதர் ஓர் எடையைச் சொல்லப் பயந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் அதட்டவில்லை. "மருந்து சில பூனைக்கு முதல்ல வயித்தைப் புரட்டும். நீங்க காத்திருக்காம வந்தது நல்லது. பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும்" என்று ஊசி போட்டார். மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு, பிறகு பாதியாகத் தொடங்கச் சொன்னார். "சாப்பாட்டை லேசா சூடு பண்ணிக் கொடுங்க. வாசனை ஏறினா பசி வரும்."

மறுநாள் காலை சங்கரா மீனை வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டில், விரல் நுனியில் எடுத்து அவன் மூக்கருகே நீட்டினார் எடைமேடை. நானும் அக்காவும் மூச்சுவிடாமல் நின்றோம். கிலோ முகர்ந்தான். யோசித்தான். நக்கினான். "பத்து கிராம்" என்று சொல்லிவிட்டு எடைமேடை சட்டென்று எழுந்து மாடித் துணியை எடுக்கப் போனார். அன்று கொடியில் துணியே இல்லை.

பாதி மாத்திரை ஒத்துக்கொண்டது. அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் கொஞ்சம் கூட்டினார். பசி சாதாரணப் பசியானது. வெள்ளிக்கிழமை தோறும் அதே பேப்பர்க் கடை, அதே தராசு, அதே கூடை. மூன்று இருநூறு. மூன்றரை. மூன்று எண்ணூறு. எடை போட்டு முடிந்ததும் கடைக்காரரே தெருவைப் பார்த்துக் குரல் கொடுப்பார். பால் வாங்கப் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாலு கிலோவைத் தொட்ட அன்று கடைக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

அங்கே நின்றிருக்கலாம். எடை நிற்கவில்லை. நாலரை. நாலு தொள்ளாயிரம். ஐந்து நூறு! கிலோ மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து இளைப்பாறினான். டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்தார். "தைராய்டு சரியான அளவுல நிக்குது. இது நோயும் இல்ல, மருந்தும் இல்ல. இது சாப்பாடு. முன்ன தின்னதெல்லாம் எரிஞ்சு போச்சு, இப்ப எரியல. யாரோ பழைய கணக்குலயே போட்டுட்டிருக்காங்க."

"மேடம், நான் கிராம் பாத்துத்தான் போடுறேன்."

"நீங்க போடுறீங்க. வேற யாரெல்லாம் போடுறாங்க?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அறுபத்தோரு வயது எடைமேடை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் காம்பவுண்டுச் சுவர் மேல் ஏறி பூனைக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். எங்கள் தெருவின் வரலாற்றில் அப்படி ஒரு நாள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கிலோ சுவரில் போனால் அவரும் சுவரில். கிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறினால் அவர் கீழே சந்து வழியாக ஓடினார். திருடன் என்று நினைத்து ஒரு வீட்டில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். நனைந்த லுங்கியோடு, "நான்தாம்மா. நீங்க அவனுக்கு இன்னா வச்சீங்க?" என்று கேட்டாராம்.

மாலை ஏழு வீடுகளின் கணக்கோடு வந்தார். முதலில் எங்கள் கதவைத் தட்டினார்.

"உங்க ஊட்ல தயிர் சாதம். நாப்பது கிராம்."

எந்நேரமும் அவர் கண்ணில் படாமல் ஒளிந்த என் மனைவி, கோபத்தில் பை கூட எடுக்காமல் வெளியே வந்தாள். "நாப்பது எல்லாம் இல்ல! ரெண்டே ஸ்பூன்!"

"ரெண்டு ஸ்பூன்தாம்மா நாப்பது. பெரிய ஸ்பூன்."

எல்லா வீட்டுக்கும் போய் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"தெரு கடைசில குவார்ட்டர்ஸ் சார் கீறாரில்ல?" என்றார்.

தெரியும். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்த திருநெல்வேலிக்காரர். மனைவி காலமாகிவிட்டார். மகன் வெளிநாட்டில். தெருவில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதவர்.

"நாலு மணிக்குக் கதவத் தொறந்து வெச்சிக்கினு ஒக்காந்து கீறாரு சார். ஒரு முட்டை வேக வெக்கிறாரு. வெள்ளைய அவரு துன்றாரு, மஞ்சள இவனுக்கு வெக்கிறாரு. நான் சொவுத்து மேல குந்திக்கினு பாத்தேன். இவன் துன்னு முடிச்சும் போவல. அவரு பேசிக்கினே கீறாரு. ‘என்னடே, இன்னைக்கி வெயிலு கொளுத்துதுல்லா’ன்றாரு. மவன் போன் பண்ணத சொல்றாரு. மவன் போன் பண்ணாததயும் சொல்றாரு. அர மணி நேரம். நாள் பூரா அந்தாளு வாயத் தொறந்தது அவ்ளோதான் சார்."

மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அவராண்ட போயி ‘போடாத’ன்னு எப்டி சார் சொல்றது? முட்டைய நிறுத்துனா இவனுக்கு எவ்ளோ கொறையும்னு எனக்குத் தெரியும். அந்தாளுக்கு எவ்ளோ கொறையும்னு எந்த மேடைல ஏத்திப் பாக்குறது?"



அவரே இரண்டு நாள் யோசித்தார். மூன்றாவது நாள் டாக்டரிடம் போய், ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு என்று கிராமில் கேட்டார். அதை எத்தனை வேளையாகவும் பிரிக்கலாமா என்று கேட்டார். "தாராளமா. சின்னச் சின்ன வேளையா சாப்பிட்டா இவனுக்கு நல்லதுதான். மொத்தம் மட்டும் தாண்டக் கூடாது. எடையும் மெதுவாத்தான் இறங்கணும், அவசரம் கூடாது" என்றார் டாக்டர்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் எங்கள் தெருவில் பால் பாக்கெட்டுக்குப் பின்னாலேயே எடைமேடை வந்தார். வீட்டுக்கு ஒரு குட்டி டப்பா. உள்ளே அளந்து போட்ட பூனைத் தீனி, சில நாள் ஒரு துண்டு வேகவைத்த கோழி. "அவன் வந்தா இத வைங்க. இது மட்டும். உங்க கையாலயே வைங்க." யாரும் வைக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதனால் யாருக்கும் மனம் கோணவில்லை. என் மனைவி கூட அந்த டப்பாவைக் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பாள்.

டப்பாக்களை எண்ணிப் பார்த்தேன். ஆறுதான் இருந்தன.

"குவார்ட்டர்ஸ் சாருக்கு?"

"அவருக்கு டப்பா கெடையாது. அந்த மஞ்சக் கரு அப்டியே இருக்கட்டும். அத மொத்தத்துல சேத்துட்டு மத்த ஊட்ல எல்லாம் கொஞ்சம் கொறச்சிட்டேன். அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க சார்."

"உங்க வீட்டுக் கணக்கு?"

"நம்ம ஊட்ல இன்னா, மாத்திர வெச்ச ஈரல் துண்டு ரெண்டு. அவ்ளோதான் மிச்சம்."

பன்னிரண்டு வருஷம் வளர்த்த பூனைக்கு, ஊரெல்லாம் ருசியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கசப்பை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார் அந்த மனிதர். அதைப் பெரிய விஷயமாகவும் அவர் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கவனிக்காமல் டப்பா மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிலோ மாதத்துக்கு நூறு, நூற்றைம்பது என்று இறங்கி, நாலு கிலோ இருநூறில் வந்து நின்றான். அந்த வெள்ளிக்கிழமை பேப்பர்க் கடை வாசலில் குவார்ட்டர்ஸ் சாரும் வந்து நின்றதாகக் கேள்வி.

பிறகு நாங்கள் திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோய்விட்டோம். கிலோவுக்கு இப்போது பதினாலு. மாத்திரை தொடர்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் எடைமேடைக்குப் போன் செய்கிறேன். "நாலு நூத்தி எண்பது சார், நேத்து கொஞ்சம் சூடு ஜாஸ்தி, சரியா துன்னல" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவார். பூனையின் எடையைத் தெரிந்துகொள்ளத்தான் நான் போன் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.